சாமிச்சோலைக்குப் பூக்கட்டிப் பார்த்த நாள்

ராசா,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொள்கிறாயா என்றுதான் என் கடிதங்கள் எல்லாம் தொடங்கும். இந்தத் தடவை அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் கடிதம் போன வாரம் வந்தது. டிக்கோயாப் பெண் நல்ல பெண், அதனால்தான் வேண்டாம் என்கிறேன் என்று எழுதியிருந்தாய். என் கையால் தாலி கட்டி இன்னொரு குடும்பத்தையும் மண்ணுக்குள் அனுப்ப என்னால் முடியாது அம்மா என்றும் எழுதியிருந்தாய். அடுப்படியில் நின்றுகொண்டுதான் அதைப் படித்தேன். உலையில் இருந்த சோறு அடிப்பிடித்துத் தீய்ந்த நாற்றம் ரோடு வரைக்கும் போயிருக்கிறது. கடைவாசலில் தேயிலைச் சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "என்னாக்கா, வீட்டையே சமைக்கிறீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் கையைப் பற்றி இப்படி ஓர் எண்ணத்தை உன் தலைக்குள் போட்டவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அதில் முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ பிறந்த ஊர் செழிப்பாக இருந்ததை நீ பார்த்தது கொஞ்ச காலம்தான். வட்டகொடை ஸ்டேஷனில் கோச்சியை விட்டு இறங்கி, மாட்டுவண்டித் தடத்தில் மேலே ஏறினால் மரக்காலை வந்துவிடும். சர்க்கார் வைத்த பெயர் வேறு ஏதோ உண்டு, அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சுற்றியிருந்த தோட்டங்களுக்குத் தேயிலைப் பெட்டி அடிக்கப் பலகை வேண்டும், ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் கூரைக்கட்டை வேண்டும், கொழுந்து அரைக்கிற இஸ்டோரில் தேயிலை காய்ச்ச விறகு வேண்டும். எல்லாம் எங்கள் மலையிலிருந்துதான் போயிற்று. வாள்குழிகள் வரிசையாக இருக்கும். குழிக்கு மேலே மரத்தைக் கிடத்தி, ஒருத்தர் மரத்தின் மேலும் இன்னொருத்தர் குழிக்குள்ளும் நின்று நீட்டு வாளை இழுப்பார்கள். உன் அப்பா மேலே நிற்பவர். குழிக்குள் நின்றது மாயாண்டி அண்ணன். வெள்ளிக்கிழமையில் மட்டும் அவர் குளித்து, திருநீறு பூசி, முனியாண்டி சாமிக்குப் பூசாரி ஆகிவிடுவார். மற்ற நாளெல்லாம் தலையிலிருந்து கால் வரைக்கும் மரத்தூள்தான். நான் சோற்றுக்கடை வைத்து அந்தக் கூட்டத்துக்குச் சோறு போட்டேன். ஹட்டன் கடைவீதியில் பிறந்து, நாலெழுத்துப் படித்து, கடைக்கார வீட்டுப் பெண் என்ற பெருமையோடு வந்தவள், அங்கே கருவாட்டுக் குழம்பில் விழுந்த மரத்தூளை விரலால் எடுத்துப் போட்டுக்கொண்டே வாழப் பழகிவிட்டேன். வலப்பனைப் பக்கமிருந்து வந்த சிங்கள வண்டிக்காரர்கள்கூட என் குழம்புக்காகவே மரக்காலையில் மாட்டை அவிழ்ப்பார்கள் என்று உன் அப்பா ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். அவர் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதப் போவதைப் படிக்கும்போது உனக்கு அது தேவைப்படும்.

ஊருக்கு மேலே சாமிச்சோலை இருந்தது. நாம் குடம் பிடிக்கும் பீலியில் விழுந்த தண்ணீர் அதன் அடியிலிருந்துதான் கசிந்து வந்தது. முனியாண்டியின் கல் அங்கே இருந்ததால் யாரும் அந்த மரங்களில் கத்தி வைத்ததில்லை. பக்கத்துக் காடெல்லாம் வெட்டித் தீர்ந்து, மாடுகள் இரண்டு மலை தாண்டி மரம் இழுக்கத் தொடங்கிய பிறகுதான் எல்லார் கண்ணும் அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு தோட்டத்திலிருந்து பெட்டிப் பலகைக்குப் பெரிய ஆர்டர் வந்திருந்தது. கொடுக்காவிட்டால் வாள்காரர்கள் வேறு ஊர் பார்த்துப் போய்விடுவார்கள். சோலையில் கீன மரங்கள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் நின்றன. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், தொரை சரி என்று சொல்லிவிட்டார். சாமிதான் இன்னும் சொல்லவில்லை. "சாமி உத்தரவு குடுக்கட்டும், அப்புறம் வாள வைப்போம்" என்றார் உன் அப்பா. பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் வெட்டலாம், சிவப்பு வந்தால் தொடக் கூடாது. எடுக்க ஒரு கள்ளமில்லாத குழந்தை வேண்டும். உனக்கு அப்போது ஆறு வயது. பீலியில் உன்னைக் குளிப்பாட்டி, அப்பாவின் துண்டை வேட்டியாகக் கட்டி, நானேதான் நடுங்க நடுங்கக் கூட்டிக்கொண்டு போனேன்.

நீ அங்கே வெள்ளைப் பொட்டலத்தை எடுத்தாய் என்று ஊர் சொல்லும். அன்றைக்கு அங்கே நின்றவர்களும் மற்றதை வாயில் எடுப்பதில்லை. நீயும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாய். ராசா, நீ முதலில் எடுத்தது சிவப்பு.

மாயாண்டி அண்ணன் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். உன் அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "புள்ள சரியா கும்புடாம எடுத்துருச்சு. இன்னொரு வாட்டி பாக்கலாம்ண்ணே" என்றார். திரும்பவும் கட்டினார்கள். நீ கண்ணை இறுக்க மூடிக் கும்பிட்டுவிட்டு எடுத்தாய். மறுபடியும் சிவப்பு. கூட்டத்தில் ஒருத்தர் "நேரம் சரியில்ல போல" என்றார். இன்னொருத்தர் "பசியில எடுத்தா இப்படித்தான்" என்றார். எல்லார் கண்களும் உன்னையே பார்த்தன. நீ ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து, ஓடி வந்து என் சேலைக்குள் முகத்தைப் புதைத்து அழுதாய். அப்போதே உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். என்னை யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் மூக்கைத் துடைத்துவிட்டு, தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பி, "போ ராசா, நல்லா கும்புட்டுட்டு வெள்ளையா எடுத்துக் குடு, அம்மா கருப்பட்டி தாரேன்" என்று சொன்னேன். என் கடைக்கும் அந்த மரம் தேவையாக இருந்தது. வாள்காரர்கள் போய்விட்டால் நான் யாருக்குச் சோறு ஆக்குவேன்? மூன்றாம் தடவை வெள்ளை வந்தது. ஊரே கத்தியது. உன் அப்பா உன்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு கீழே வந்தார். உன் வாயில் கருப்பட்டி இருந்தது.

சாமியின் கல்லை மேளம் வைத்து ரோட்டோரத்துக்குக் கொண்டுவந்தோம். மரங்கள் சாய்ந்தன. மரக்காலை அதற்குப் பிறகுதான் ஊர் மாதிரி ஆயிற்று. தையல்கடை வந்தது, சவரக்கடை வந்தது, தகரக் கூரை போட்ட துணிக்கடைகூட வந்தது. உனக்கு ராசிக்கைக்காரன் என்று பெயர். எந்தக் கடை திறந்தாலும் உன்னைக் கூப்பிட்டு முதலில் விளக்கேற்றச் சொல்வார்கள். என் புது அடுப்பை மூட்டியதும் நீதான். எனக்கு எவ்வளவு பெருமை! அந்தப் பெருமையை நினைத்தாலும் இப்போது வெட்கமாக இருக்கிறது. கிடைக்கும்போது உன் கை ராசி என்று வாங்கிக்கொண்டவள், போனபோது மட்டும் அது உன் கை இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

முதலில் பீலி மெலிந்தது. வெயில் மாதங்களில் விரல் பருமன்கூட விழவில்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து லயத்துப் பீலிக்குப் போய், காவல்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தோம். பிறகு அந்தப் பெருமழை. காலைச் சோறு முடிந்து நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். மேலே சோலை இருந்த சரிவு அப்படியே வழுக்கி வாள்குழிகளின் மேல் வந்து உட்கார்ந்தது. மாயாண்டி அண்ணன் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தார். உன் அப்பாவையும், அவருக்குப் பதிலாகக் குழிக்குள் நின்ற பையனையும் மண்ணைத் தோண்டித்தான் எடுத்தார்கள். மரக்காலையை அந்த மண் மட்டும் சாய்க்கவில்லை. தேயிலை விலை விழுந்தது. புதுக்காடு வெட்டித் தேயிலை போடக் கூடாது என்று சட்டம் வந்தது. தோட்டங்கள் ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றின. சீமையிலிருந்து ஒட்டுப்பலகைப் பெட்டி வந்து இறங்கியது. அதில் ஒன்றை நானே ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தேன், எங்கள் பெட்டியில் பாதி கனம்கூட இல்லை. கடைகள் ஒவ்வொன்றாகப் பலகையைச் சாத்தின. ஆனால் தேயிலை விலையை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. உன் கையைத் தினமும் ரோட்டில் பார்த்தார்கள். "அவன் கையாலதானே எல்லாம்" என்று தொடங்கிவிட்டார்கள். நான் ஒருத்தி வாயைத் திறந்து, அவன் இரண்டு தடவை வேண்டாம் என்று எடுத்துக் கொடுத்தான், கேட்காதவர்கள் நாம்தான் என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சொன்னால், மறுபடி கட்டச் சொன்னது யார் என்ற கேள்வி வரும். அப்பா செத்து மண்ணாகிவிட்டார், அவர் பெயராவது நிற்கட்டும் என்று நினைத்தேன். அவர் பெயரைக் காப்பாற்ற உன் கையைக் கொடுத்துவிட்டேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாய். "ஏம்மா, அன்னைக்கு நான் ரெண்டு மூணு பொட்டலம் எடுத்த மாதிரி ஞாபகம் வருதே?" உன் முகத்தைப் பார்க்காமல், "இல்ல ராசா, ஒண்ணுதான். கனவு கண்டிருப்ப" என்றேன். நீ சரி என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாய். ஆறு வயதில் உன்னைத் திருப்பிவிட்டதைக்கூட அன்றைய புத்தி என்று ஒருவேளை மன்னிக்கலாம். உனக்கு உண்மையாகவே ஞாபகம் இருந்ததைக் கனவு என்று சொன்னதை நான் எதில் சேர்ப்பது?

பிறகு உன் அக்கா கல்யாணம். மாப்பிள்ளைக்கு மைத்துனன் மோதிரம் போட வேண்டும். நீ குளித்துப் புது வேட்டி கட்டி வந்து நின்றாய். சம்பந்தி வீட்டார் காதில் யாரோ ஏதோ ஓதிவிட்டார்கள். நான் உன்னிடம் வந்து, "பந்தியில ஆள் பத்தல, நீ அங்க போய்ப் பாரு ராசா" என்றேன். உன் பெரியப்பா மகன் மோதிரம் போட்டான். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாழை இலையைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். இன்று வரைக்கும் கேட்கவில்லை. நீ சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

போன மாதம் அந்த டிக்கோயாப் பெண் பாக்கியம் அவளுடைய சித்தியோடு என்னைப் பார்க்க வந்தாள். நீ வேலை செய்யும் ஹட்டன் கடையில் நூலும் ஊசியும் வாங்கப் போய்த்தானே உன்னைத் தெரிந்துகொண்டாள். அப்பா தையல்காரர், அவளுக்கும் அளவெடுக்கிற கண். கொடுத்த சாயத்தண்ணியைக் குடிக்காமலேயே கேட்டாள். "ஏன் மாமி, அவரு காலையில சாவிய எப்பவும் மத்த ஆளுகிட்டயே குடுக்குறாரு? மொத யாவாரம் யாராச்சும் பண்ணட்டும்னு தூணுக்குப் பின்னாடி நிக்குறாரு. நானும் எத்தன நாளாப் பாக்குறேன்." நான் மழுப்பினேன். அவள் விடவில்லை. "மரக்காலைக் கதையெல்லாம் எனக்கும் தெரியும். ஆறு வயசுப் புள்ள கையில ஊரக் குடுத்துட்டுப் பெரியவங்கல்லாம் என்னா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். அவளுடைய சித்தி தொடையில் கிள்ளியதைப் பார்த்தேன். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அப்படிக் கேட்கிற பெண்ணை நீ விட்டுவிடாதே.

கல்யாணம் ஆகப் போகிற மகனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்றாலும் வாய் சும்மா இருக்கிறதா? உங்களுக்குள் எதையாவது முடிவு செய்ய வேண்டியிருந்தால் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். குழந்தையின் மேலோ சாமியின் மேலோ அதைத் தூக்கிப் போடாதீர்கள். அவள் வேண்டாம் என்று சொன்னால், பசியில் சொல்கிறாள், நேரம் சரியில்லை என்று நீயாகக் காரணம் கண்டுபிடிக்காதே. பிள்ளை பிறந்து, அது ஏதாவது ஞாபகம் இருக்கிறது என்று வந்து சொன்னால், கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கேள். குழம்பில் உப்பு குறைந்தால் அதை மட்டும் சொல்லாதே, அவளிடம் அடி வாங்குவாய்.

இந்தக் கடிதத்தை இப்படியே தபாலில் போட்டால் அதுவும் கோழைத்தனம்தான். ஊரறியப் பழி சொன்னதை நீ மட்டும் தெரிந்துகொண்டு என்ன செய்வாய்? வெள்ளிக்கிழமை முனியாண்டிக்குப் பூசை. மரக்காலையில் மிச்சமிருக்கிறவர்களும், வட்டகொடைக்குக் குடிபோனவர்களில் சில பேரும் வருவார்கள். பாக்கியத்துக்கும் அவள் அப்பாவுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் முன்னால் இதைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

ராசா, இனி எழுதுவது சனிக்கிழமை. நேற்றுப் படித்துவிட்டேன்.

சிவப்பு என்ற இடம் வந்ததும் பழைய துணிக்கடைக்கார அம்மா எழுந்துவிட்டார். "செத்த மனுசன் மேல பழி போட வெக்கமா இல்லையா ஒனக்கு?" என்று கேட்டார். இருக்கிறது, அதனால்தான் இத்தனை வருஷம் போடவில்லை என்றேன். சிலர் எழுந்து போனார்கள். நான் விடாமல் அந்தக் கருப்பட்டி வரைக்கும், வெங்காயம் வரைக்கும், மோதிரம் வரைக்கும் படித்து முடித்தேன். பாக்கியம் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

முடித்ததும் மாயாண்டி அண்ணன் கல்லுக்குப் பக்கத்திலிருந்து எழுந்தார். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, என் குரல் வந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "தாயி, நீ பாதிதான் படிச்ச. மூணாவது வாட்டி நான் செவப்புப் பூவே வைக்கல. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான்" என்றார். நான் கையிலிருந்த தாளைக் கீழே விட்டுவிட்டேன். "புள்ள தேம்பித் தேம்பி அழுவுது. செவப்பு வந்தா நாலாவது வாட்டியும் எடுக்கச் சொல்லுவீங்க. எனக்கும் கூலி வேணும், ஒம் புருசன் மூஞ்சிய வேற பாக்க முடியல. கட்டிட்டேன். மிச்சப் பொட்டலத்தப் பீலித் தண்ணியில போட்டேன். பிரிச்சுக் காட்டுய்யான்னு ஒருத்தர் கேக்கலயே தாயி" என்றார். அது உண்மைதான். ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் குழந்தை மாதிரி அழுதார். துணிக்கடை அம்மாகூட அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆக, உன் கை எடுத்தது இரண்டே தடவைதான் ராசா. இரண்டு தடவையும் சிவப்பு. வெள்ளையை எடுத்தது நாங்கள்.

இன்றைக்கே கோச்சியில் ஹட்டன் போகிற ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். திங்கட்கிழமை காலையில் கடைச் சாவியை நீயே வாங்கித் திற. தூணுக்குப் பின்னால் நிற்காதே. கறுப்பு நூல் தீர்ந்துபோயிற்று என்று பாக்கியம் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். விடிந்ததும் முதல் ஆளாக வந்து வாங்குவாளாம். முதல் வியாபாரம் உன் கையால்தான் வேண்டுமாம்.

எனக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு நான் வரலாமா? மணவறைக்குப் பக்கத்தில் நிற்க எனக்கு ஆசைதான். அக்கா கல்யாணத்தில் உன்னைப் பந்திக்கு அனுப்பியவள் நான், என்னையும் நீ இலை போட அனுப்பினால் போய்ப் போடுவேன். வரவே வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அப்படியே எழுது. நேரம் சரியில்லை என்றோ, கோபத்தில் எழுதிவிட்டான் என்றோ நினைத்து மறுபடி கேட்க மாட்டேன். இந்தத் தடவை நீ முதலில் சொல்வதுதான்.

உன் அம்மா